எகனாமிக்ஸ் என்ட்ரன்ஸ் கட்டுரை: பாயிண்ட்டை விடுங்க, வாதத்தை எழுதுங்க

ப்ளஸ் டூல எகனாமிக்ஸ் எடுத்து நல்ல மார்க் வாங்கற பசங்க எழுதற கட்டுரைகளை நிறைய படிக்கறேன். ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு மூணு பேர் நோட்டை தூக்கிட்டு வந்துடுவாங்க, சில சமயம் வீட்டுக்கு, சில சமயம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. எல்லாருக்கும் ஏதோ ஒரு என்ட்ரன்ஸ் முன்னாடி நிக்கும், அதுல ஒரு கட்டுரை இருக்கும், அந்த கட்டுரையை நினைச்சாலே பயமா இருக்குக்கா-ன்னு சொல்வாங்க. எழுதிட்டு வந்ததை வாங்கி பாத்தா முக்கால்வாசி ஒரே அச்சு. முதல் பத்தில டெஃபனிஷன். அப்புறம் நன்மைகள், அஞ்சு. அப்புறம் தீமைகள், அதுவும் அஞ்சு. முடிவுரைல 'இதில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு, எனவே அரசு சமநிலையோடு செயல்பட வேண்டும்'. கீழ ஸ்கேல் வெச்சு ஒரு கோடு.

இதுக்கு பசங்களை குறை சொல்லவே முடியாது. பத்து வருஷமா நாமதான் அப்படி பழக்கியிருக்கோம். போர்டு எக்ஸாம்ல பேப்பர் திருத்தறவர் கையில ஆன்சர் கீ இருக்கும், ஒரு பாயிண்ட்டுக்கு இத்தனை மார்க்குன்னு இருக்கும், அதனால சைடு ஹெட்டிங் போட்டு அடிக்கோடிட்டு பாயிண்ட்டை கண்ணுல படற மாதிரி வைக்கறதுதான் அங்க புத்திசாலித்தனம். அந்த பரீட்சைக்கு அது சரி. ஆனா அட்மிஷன் டெஸ்ட் கட்டுரையை படிக்கறவங்க கையில அந்த மாதிரி கீ கிடையாது. அவங்க தேடறது ஒண்ணே ஒண்ணு: இந்த பையன், இந்த பொண்ணு, ஒரு முடிவை எடுத்து அதுக்கு காரணத்தை படிப்படியா சொல்லிக்கிட்டு போக முடியுதா, நடுவுல ஒரு எதிர்ப்பு வந்தா அதை சந்திக்க முடியுதா. பத்து பாயிண்ட் தெரிஞ்சவங்களை விட ஒரு பாயிண்ட்டை கடைசி வரைக்கும் துரத்திட்டு போறவங்கதான் அவங்களுக்கு வேணும்.

எந்தெந்த டெஸ்ட்டுன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஆக்ஸ்ஃபோர்ட்ல பிபிஇ (தத்துவம், அரசியல், எகனாமிக்ஸ் மூணும் சேர்ந்த படிப்பு) சேர பல வருஷமா இருந்த டிஎஸ்ஏ-ங்கற டெஸ்ட்ல ரெண்டாவது பகுதி முழுக்க கட்டுரைதான், நாலு கேள்வில ஒண்ணை எடுத்து 30 நிமிஷத்துல எழுதணும். கேம்பிரிட்ஜ் எகனாமிக்ஸுக்கு முன்னாடி இசிஏஏ-ன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல ஒரு பத்தியை குடுத்து அதை வெச்சு ஒரு மணி நேரம் எழுத சொல்வாங்க. இப்போ அந்த இடத்துல டிஎம்யூஏ-ங்கற கணக்கு டெஸ்ட் வந்துடுச்சு. புதுசா வந்திருக்கற டாரா-ங்கற இங்கிலாந்து டெஸ்ட்ல மூணு பகுதி, ஒவ்வொண்ணும் 40 நிமிஷம், அதுல ஒண்ணு எழுத்து. நம்ம ஊர் ஐஐடி மெட்ராஸ்லயே ப்ளஸ் டூ முடிச்சவங்க நேரா அஞ்சு வருஷ எம்ஏ சேர ஹெச்எஸ்இஇ-ங்கற என்ட்ரன்ஸ் இருந்தப்போ கடைசி அரை மணி நேரம் கட்டுரைதான். இந்த டெஸ்ட்டெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், அந்தந்த வருஷ அறிவிப்பை படிச்சுக்கோங்க. ஆனா பேர் மாறினாலும் கட்டுரைல கேக்கற விஷயம் மாறல.

சும்மா சொன்னா புரியாது, ஒரு கேள்வியை எடுத்துப்போம். 'வாடகைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைப்பது வாடகைக்கு இருப்பவர்களுக்கு நல்லதா?' எகனாமிக்ஸ்ல ரொம்ப பழைய கேள்வி, எந்த ஊர் டெஸ்ட்லயும் ஏதாவது ஒரு வேஷத்துல வரக்கூடியது. என்கிட்ட ஒரு பொண்ணு எழுதி கொண்டு வந்தது என்னன்னா, ரென்ட் கன்ட்ரோல்னா என்னன்னு ஒரு பத்தி, அது ஏழைகளுக்கு உதவும்னு ஒரு பத்தி, ஆனா ஷார்ட்டேஜ் வரும்னு ஒரு பத்தி, கூடவே டிமாண்ட் சப்ளை படம், அதுல உச்சவரம்பு கோடு கீழ ஓடுது, ரெண்டு புள்ளிக்கு நடுவுல 'பற்றாக்குறை'ன்னு எழுதியிருக்கு. எல்லாமே சரி. ஒரு வரி கூட தப்பு இல்ல. ஆனா அந்த பொண்ணு என்ன நினைக்குதுன்னு கடைசி வரைக்கும் தெரியல.

நான் கேட்டேன், வாடகைக்கு இருக்கறவங்கன்னா யாரும்மா? இப்போ ஒரு வீட்டுல குடியிருக்கறவங்களா, இல்ல அடுத்த வருஷம் மதுரையிலேருந்து வேலை கிடைச்சு வந்து வேளச்சேரில வீடு தேடப்போறவங்களா? அந்த ஒரு கேள்வில கட்டுரை ரெண்டா பிளந்துச்சு. ஏன்னா இந்த ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம் எதிரெதிரா வேலை செய்யுது. உள்ள இருக்கறவருக்கு வாடகை ஏறாது, நிம்மதி. வெளிய நிக்கறவருக்கு வீடே கிடைக்காது. 'நல்லதா'ன்னு கேக்கற எந்த கேள்வியிலயும் 'யாருக்கு'ன்னு முதல்ல பிரிச்சுட்டா பாதி கட்டுரை முடிஞ்ச மாதிரி. அந்த பொண்ணு நோட்டுல அந்த இடத்துல பெருசா ஒரு கோடு கிழிச்சு இடது பக்கம் 'உள்ள', வலது பக்கம் 'வெளிய'ன்னு எழுதிக்கிச்சு.

அடுத்து, ஷார்ட்டேஜ் வரும்னு எழுதிட்டா போதுமா? எப்படி வரும்? இதைத்தான் நான் திரும்ப திரும்ப கேப்பேன், எப்படி, எப்படி, எப்படி. வீட்டு ஓனர் என்ன பண்ணுவார்னு அவர் இடத்துல உக்காந்து யோசிங்க. இருக்கற கட்டடத்தை ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு போக முடியாது, அதனால முதல் மாசம் ஒண்ணும் ஆகாது. ஆனா ரிப்பேர் பண்றதை நிறுத்துவார். மோட்டார் போனா பாத்துக்கலாம்பார், ஒழுகற சீலிங் ஒழுகிட்டே இருக்கும். காலி ஆனா திரும்ப வாடகைக்கு விடாம வித்துடுவார், இல்ல இடிச்சு ஃப்ளாட் கட்டி வித்துடுவார். புதுசா வாடகைக்குன்னு கட்ட நினைச்சவர் மனசை மாத்திப்பார். அப்புறம் இன்னொண்ணு இருக்கு, இதை படத்துல பாக்க முடியாது: வாடகையை ஏத்த முடியாதுன்னா அந்த காசு வேற வாசல் வழியா உள்ள வரும். சென்னைல வீடு தேடினவங்க எல்லாருக்கும் தெரியும், பத்து மாச வாடகையை அட்வான்ஸா கேக்கறது இங்க ரொம்ப சாதாரணம். 2017ல போட்டு 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகை சட்டம் பொதுவா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கூடாதுன்னு சொல்லுது, இன்னைக்கும் போய் கேட்டு பாருங்க. விலையை கட்டிப்போட்டா அது வேற பேர்ல வரும், இல்ல ஆளை பாத்து குடுக்கறதா மாறும். பத்து பேர் க்யூல நிக்கும்போது ஓனருக்கு தேர்ந்தெடுக்கற சுதந்திரம் கூடுது, அப்போ சாதி, மதம், கறி சமைப்பீங்களா, பேச்சலரா, எல்லா கேள்வியும் வரும். வாடகைக்கு வரம்பு போட்டது ஏழைக்கு உதவன்னு, ஆனா க்யூல முதல்ல தள்ளிவிடப்படறது யாருன்னு யோசிங்க. இதுதான் மெக்கானிசம். ஷார்ட்டேஜ்ங்கற ஒரு சொல்லுக்குள்ள இத்தனை மனுஷங்க முடிவு இருக்கு, அதை வெளிய எடுத்து வைக்கறதுதான் அனாலிசிஸ்.

சரி, ஆதாரம்? சான்ஃப்ரான்சிஸ்கோல 1994ல ஒரு மாற்றம் வந்துச்சு, 1980க்கு முன்னாடி கட்டின சின்ன அடுக்கு வீடுகளையும் வாடகை கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க. அதை ரெபெக்கா டயமண்ட், டிம் மெக்வேட், ஃப்ராங்க்ளின் கியான்னு மூணு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ஞ்சு 2019ல வெளியிட்டாங்க. அங்க ஏற்கெனவே குடியிருந்தவங்க அதே வீட்டுல தங்கறது கணிசமா கூடிச்சு, அதாவது சட்டம் அவங்களுக்கு நிஜமாவே உதவிச்சு. ஆனா அந்த கட்டட ஓனர்கள் வாடகைக்கு விடற வீடுகளை 15 சதவீதம் குறைச்சுட்டாங்க, அதனால ஊர் முழுக்க வாடகை 5.1 சதவீதம் ஏறிச்சுன்னு அவங்க கணக்கு. பாருங்க, இது அந்த பொண்ணு போட்ட கோட்டுக்கு ரெண்டு பக்கமும் அப்படியே போய் உக்காருது. ஒரு ஆய்வை மேற்கோள் காட்டறதுன்னா இப்படி இருக்கணும், வாதம் முதல்ல, அதுக்கு தாங்கலா நம்பர். நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ணி ஒட்டினா அது ஒட்டாது. ஒரு கோச்சிங் சென்டர்ல 'எந்த கட்டுரைக்கும் பொருந்தும் மேற்கோள்கள்'னு ஒரு ஷீட்டே குடுத்திருந்தாங்க, ஒரு பையன் காட்டினான், அதுல ஒண்ணு கூட அவன் எழுதற கேள்விக்கு வேலை செய்யல. அந்த ஷீட்டை மனப்பாடம் பண்ண அவன் செலவழிச்ச ராத்திரிகளை நினைச்சா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

இதுக்கப்புறம் அந்த பொண்ணு எழுதின முதல் வரி இது: 'வாடகை வரம்பு இன்று வீட்டில் இருப்பவருக்கு நல்லது, நாளை வீடு தேடுபவருக்குக் கெட்டது, இரண்டில் எது பெரியது என்பது வாடகை வீடுகள் எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பதைப் பொறுத்தது.' எனக்கு அவ்ளோ சந்தோஷம். முன்னாடி எழுதின முடிவுரையும் 'ரெண்டும் உண்டு'ன்னுதான் சொல்லுச்சு, இதுவும் மேலோட்டமா பாத்தா அப்படித்தான் தெரியும், ஆனா இதுல ஒரு நிபந்தனை இருக்கு. எப்போ நல்லது எப்போ கெட்டதுன்னு பிரிக்கற கோடு எங்க இருக்குன்னு அந்த வரி காட்டுது, அதனால அதை யார் வேணா சோதிச்சு பாக்கலாம், தப்புன்னு கூட நிரூபிக்கலாம். போர் வந்து ஜனம் திடீர்னு ஒரு ஊர்ல குவியுது, ஆறு மாசத்துக்கு மட்டும் வரம்புன்னா, சப்ளை அதுக்குள்ள சுருங்காது, அப்போ வரம்பு நியாயம். முப்பது வருஷத்துக்குன்னா கதை வேற. இந்த மாதிரி எழுதிட்டா 'சமநிலையோடு செயல்பட வேண்டும்'ங்கற வரிக்கு இடமே இல்ல.

டிமாண்ட் சப்ளையை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா நல்ல பசங்களே இங்க வழுக்கறாங்க. ஒரு வாதம் இப்படி போகும்: தக்காளி விலை ஏறுது, விலை ஏறினா டிமாண்ட் குறையும், டிமாண்ட் குறைஞ்சா விலை இறங்கும், அதனால விலை ஏத்தம் நிக்காது. படிக்கறப்போ சரின்னு தோணும். ஆனா இதுல 'டிமாண்ட்'ங்கறது ரெண்டு இடத்துல ரெண்டு வேலை பண்ணுது. முதல் தடவை, அதே டிமாண்ட் கோட்டுல (எந்த விலைக்கு எவ்ளோ வாங்குவாங்கன்னு காட்டற கோடு) மேல நகர்ந்து கம்மியா வாங்கறது. ரெண்டாவது தடவை, கோடே இடம் மாறினதா எடுத்துக்கிட்டாங்க. விலை ஏறினதால கம்மியா வாங்கினா கோடு நகராது. 2023 ஜூலைல என்ன நடந்துச்சு? கோயம்பேட்டுக்கு தக்காளி கோலார் பக்கத்துலேருந்தும் ஆந்திராலேருந்தும் வருது, அங்க வெயிலாலயும் மழையாலயும் விளைச்சல் அடிபட்டு வரத்து குறைஞ்சுச்சு, சப்ளை கோடுதான் நகர்ந்துச்சு, கடைல கிலோ நூறு ரூபாயை தாண்டிச்சு. எங்க வீட்டுல ரசத்துக்கு புளியை கூட்டிட்டோம், அது கோட்டுமேல நகர்றது. இந்த வித்தியாசத்தை ரெண்டு வரில தெளிவா எழுதற பையனை எந்த பேராசிரியரும் விடமாட்டாங்க.

அதே தக்காளில இன்னொரு படி உள்ள போகலாம். அப்போ அரசாங்கம் சென்னைல ரேஷன் கடைகள்ல கிலோ 60 ரூபாய்க்கு வித்துச்சு. 'இது விலையை குறைச்சதா?'ன்னு கேள்வி வந்தா பெரும்பாலானவங்க ஆமா, மலிவா குடுத்தாங்கன்னு எழுதுவாங்க. யோசிங்க, அந்த தக்காளி எங்கேருந்து வந்துச்சு? அதே மொத்த சந்தைல வாங்கி நஷ்டத்துக்கு வித்தா ஊர்ல இருக்கற மொத்த தக்காளி ஒரு கிலோ கூட கூடல, க்யூல நின்னவருக்கு மானியம் கிடைச்சுது, மத்தவங்களுக்கு இன்னும் கொஞ்சம் விலை ஏறியிருக்கலாம். வேற மாநிலத்துலேருந்து, இல்லன்னா இங்க வராம இருந்த விவசாயிகிட்டேருந்து நேரா வாங்கிட்டு வந்தா நிஜமாவே சப்ளை கூடுது, இல்ல நடுவுல இருக்கற லாபம் குறையுது. ஆக பதில் 60 ரூபாய்ல இல்ல, லாரி எங்கேருந்து கிளம்பிச்சுங்கறதுல இருக்கு. ஏழைக்கு 60 ரூபாய்ல கிடைச்சது பெரிய விஷயம்தான், அதை நான் குறைச்சு பேசல. ஆனா 'உதவிச்சா'ங்கறதும் 'விலையை குறைச்சுதா'ங்கறதும் தனித்தனி கேள்வி, கட்டுரைல கேட்டதுக்குத்தான் பதில்.

காரண காரியம். இதுலதான் ரொம்ப பேர் தடுமாறுவாங்க, இதுலதான் தனியா தெரியவும் முடியும். நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2021 மே மாசம் சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு வந்துச்சு. 'இதனால பெண்கள் வேலைக்கு போறது கூடிச்சா?' ஒரு பையன் எழுதினான், திட்டத்துக்கு முன்னாடி எத்தனை பேர் பஸ்ல போனாங்க, பின்னாடி எத்தனை பேர் போறாங்க, கூடியிருக்கு, அதனால திட்டம் வெற்றி. முதல் சிக்கல், பஸ்ல ஏறினது கூடினா வேலைக்கு போனது கூடினதா ஆகாது, ஏற்கெனவே ஷேர் ஆட்டோல போயிட்டிருந்த அக்கா இப்போ பஸ்ல போறாங்க, அவ்ளோதான். அவங்களுக்கு மாசம் காசு மிச்சம், ரொம்ப நல்ல விஷயம், ஆனா அது வேற விஷயம். ரெண்டாவது சிக்கல் இன்னும் பெருசு. இலவசம் அறிவிச்ச அதே வாரம், மே 10லேருந்து கொரோனா ஊரடங்கு, பஸ்ஸே ஓடல. ஆக 'முன்னாடி'ங்கறது எது, 'பின்னாடி'ங்கறது எது? ஊரடங்கு முடிஞ்சு எல்லாமே திரும்ப திறந்தப்போ ஆம்பளைங்க பஸ்ல போறதும்தான் கூடியிருக்கும். அப்போ பெண்கள் எண்ணிக்கை எவ்ளோ கூடிச்சு, ஆண்கள் எண்ணிக்கை எவ்ளோ கூடிச்சு, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசத்தை பாக்கணும், இல்லன்னா பஸ் அடிக்கடி வர்ற ஏரியாவையும் பஸ்ஸே எட்டிப்பாக்காத ஏரியாவையும் ஒப்பிடணும்.

இந்த ஒப்பிடற யோசனைதான் டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1994ல வெளியிட்ட ஆய்வுல இருக்கறது. அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல 1992 ஏப்ரல்ல குறைந்தபட்ச கூலியை மணிக்கு 4.25 டாலர்லேருந்து 5.05க்கு ஏத்தினாங்க, பக்கத்து பென்சில்வேனியால ஏத்தல. ரெண்டு பக்கமும் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை பாத்தாங்க, நியூ ஜெர்சில வேலை குறையல. பாடப்புத்தக படம் வேலை குறையும்னு சொல்லுது, ஆனா குறையல, ஏன்? அதுக்கு ஒரு காரணம், வேலைக்கு ஆள் எடுக்கறவங்களுக்கு கூலியை நிர்ணயிக்கற பலம் இருந்தா கூலி ஏற்கெனவே தாழ்வா இருக்கும், அதை கொஞ்சம் ஏத்தினா வேலை குறையணும்னு அவசியம் இல்ல. கார்டுக்கு 2021ல நோபல் பரிசுல பாதி கிடைச்சுது. ஆனா இதை வெச்சு 'குறைந்தபட்ச கூலி எவ்ளோ ஏத்தினாலும் ஒண்ணும் ஆகாது'ன்னு எழுதிடாதீங்க. எண்பது சென்ட் ஏத்தினப்போ நடந்தது பத்து டாலர் ஏத்தினா நடக்குமான்னு அந்த ஆய்வு சொல்லல. ஆதாரம் எது வரைக்கும் பேசுதுன்னு எல்லையை எழுதறது பலவீனம் இல்ல, படிக்கறவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை வர்றதே அங்கதான்.

எதிர்வாதம் பத்தி. எல்லாரும் ஒரு எதிர்வாதம் வைப்பாங்க, ஆனா சுலபமா அடிச்சு சாய்க்கக்கூடியதா பாத்து வைப்பாங்க. அப்படி வேண்டாம். உங்க வாதத்தை கேட்டு புத்திசாலியான உங்க மாமா ஒருத்தர் சாப்பாட்டு மேசைல என்ன சொல்லி மடக்குவாரோ அதை எழுதுங்க. அதுக்கு பதில் இருந்தா சொல்லுங்க, பாதி பதில்தான் இருக்குன்னா பாதியை ஒத்துக்கிட்டு உங்க முடிவை அந்த அளவுக்கு சுருக்குங்க. ஒரு எதிர்வாதம் போதும், மூணு வேண்டாம்.

நேரம். 30 நிமிஷம்னா முதல் ஏழெட்டு நிமிஷம் எழுதவே கூடாது, பேப்பர்ல கிறுக்கலாம், கேள்வில இருக்கற சொல்லை பிரிக்கலாம், யாருக்கு, எப்போ, எதோட ஒப்பிட்டு. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க அடிஷனல் ஷீட் வாங்கினா பதட்டப்படாதீங்க, இங்க பக்கத்துக்கு மார்க் இல்ல. கடைசி மூணு நிமிஷம் முதல் வரியை திரும்ப படிங்க, ஏன்னா எழுதிட்டு போகும்போது வாதம் நகர்ந்திருக்கும், முதல் வரி பழைய இடத்துலயே நிக்கும்.

இங்கிலீஷ் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, குறிப்பா தமிழ் மீடியம் படிச்சவங்க, கார்ப்பரேஷன் ஸ்கூல்ல படிச்சு வர்ற பசங்க. இதை மனசுல இருந்து சொல்றேன், உங்க வாதத்தை முதல்ல தமிழ்ல உங்க அம்மாவுக்கு சொல்லி பாருங்க, அவங்க 'அதெப்படி?'ன்னு கேக்கற இடத்துல ஒரு படி விட்டுப்போச்சுன்னு அர்த்தம். அந்த படியை நிரப்பிட்டு அப்புறம் சின்ன சின்ன வாக்கியமா இங்கிலீஷ்ல எழுதுங்க. பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். வாடகை, தக்காளி, பஸ் பத்தி உங்களுக்கு தெரிஞ்ச அளவுக்கு ஏசி கார்ல ஸ்கூலுக்கு போற பையனுக்கு தெரியாது, பத்து மாச அட்வான்ஸுக்கு வீட்டுல நகை அடகு வெச்சதை பாத்த பொண்ணுக்கு கடன் சந்தைல கடன் கிடைக்காததுன்னா என்னன்னு யாரும் டெஃபனிஷன் சொல்லித்தர வேண்டாம். அதை எழுதற தைரியம்தான் வேணும்.

இந்த வாரம் பயிற்சிக்கு ஒரு கேள்வி தரேன்: 'சென்னை மெட்ரோ ரயில் கட்டணத்தை பாதியாகக் குறைத்தால் சாலை நெரிசல் குறையுமா?' 40 நிமிஷம் வெச்சுக்கோங்க. மெட்ரோல புதுசா ஏறப்போறவங்க பைக்லேருந்து இறங்கி வர்றாங்களா, 21ஜி பஸ்லேருந்து இறங்கி வர்றாங்களான்னு முதல்ல பிரிச்சுக்கோங்க. அப்புறம் அப்படி காலியான ரோட்டை பாத்துட்டு இத்தனை நாள் நெரிசலுக்கு பயந்து காரை எடுக்காதவங்க என்ன பண்ணுவாங்கன்னும் யோசிங்க.